கழற்றியது கழற்றியவனுக்கு

கண்ணாடிக்காரரின் சிவப்புக் கார், ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் துணி காயப்போடும் நேரத்துக்கு, உள்ளே யாரும் இல்லாமல் தானாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும். என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். மெல்ல வாசலைத் தாண்டி, ஒரு கணம் நின்று, முன்சக்கரங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிட்டு, மேட்டைப் பார்த்து நகரும். வளைவுகளில் இண்டிகேட்டர் போடத் தவறியதே இல்லை. ஆள் உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளில் பாதி, இண்டிகேட்டர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்ட ஊர் இது. அதனால் போக்குவரத்துக் காவலர் அதைத் தடுக்கவில்லை. "ஒழுங்கா போகுது, ஒழுங்கா வருது. நான் எதுக்குங்க கையைக் காட்டணும்?" என்பது அவர் கட்சி. பிற்பகலில் திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்கும்போது அதன்மேல் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. யாரோ தேய்த்துக் கழுவித் துடைத்து அனுப்பியிருப்பார்கள். கார் போனதைக்கூடக் கண்ணாடிக்காரர் பொறுத்துக்கொண்டார். கழுவப்பட்டு வந்ததுதான் அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வில்லையின் விளிம்பைத் தானே தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிப் பார்த்து, வளைத்துச் சரிசெய்து கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் மீதிப் பாதியைப் பார்த்தார்கள். தலை நரைக்கத் தொடங்கும் வரை ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் ஓட்டாத மனிதர். நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் டீச்சர், முழங்கால் வலியில் கிளட்ச் மிதிக்க முடியவில்லை, காரை விற்றுவிடப் போகிறேன் என்று கண்ணாடி மாற்ற வந்தபோது சொன்னார். அன்று சாயங்காலமே இவர் போய் அந்தக் காரைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் சின்னக் கார்தான், ஆனால் சாதுவான ஜாதி இல்லை. கம்பெனிக்காரர்களே வேகத்துக்கென்று தனியாகச் செய்து, கொஞ்ச நாள் விற்று, பிறகு நிறுத்திவிட்ட மாடல். வெளிப்பார்வைக்கு மற்றச் சின்னக் கார்களுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பாம்பின் கால் பாம்பறியும் என்பதுபோல மெக்கானிக்குகளுக்கு மட்டும் தெரியும்.

மெக்கானிக் என்றால் யாரோ அல்ல, அவருடைய தங்கை புருஷன். அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இவனை விட்டால் என் தங்கைக்கு நல்லவன் கிடைக்கமாட்டான் என்று வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டு, கண்ணாடிக்காரர்தான் முன்னின்று கல்யாணத்தை நடத்தி வைத்தார். மெக்கானிக்குப் பார்வை மங்கியபோது கடையிலேயே நல்ல வில்லையாகப் பொறுக்கி, பின்னிரவு வரை தேய்த்து மாட்டிவிட்டவரும் அவர்தான். ஆகவே காரைப் பார்க்கவும் அவனைத்தான் அழைத்துப் போனார். டீச்சர் பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அவன் அதிகம் பேசவில்லை. வாங்கியாயிற்று. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தவனும் அவனே. முச்சந்தியில் இறங்க வேண்டிய வண்டி பைபாஸ் ரோட்டுக்குப் போயிற்று. "ஏன் மாப்ள சுத்திப் போற?" என்று கேட்டதற்கு, "சும்மா, சூடு ஏறுதான்னு பாக்கறேன் மச்சான்" என்றான். வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் சாவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "பரவாயில்ல மச்சான். ஆனா வேலை நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான்.

அந்த வேலை வருஷக்கணக்கில் நடந்தது. முதலில் சைலன்சர். பழையது அடக்கமாக முனகும். புதியது தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்டது, கைக்குழந்தை இருந்த வீடுகளில் கண்ணாடிக்காரருக்கு மரியாதை குறைந்தது. அடுத்து ஸ்பிரிங்குகள். கார் தரையோடு தரையாகப் படிந்து பார்க்க அழகாக நின்றது. உட்கார்ந்தால் ரோட்டில் கிடக்கும் தீக்குச்சியைக்கூட முதுகெலும்பு சொல்லிவிடும். "போன மாசம் வரைக்கும் என் இடுப்பு நல்லா இருந்துச்சு. காசு குடுத்து யாராவது இடுப்பை ஒடைச்சுக்குவாங்களா?" என்றாள் மனைவி. பிறகு சீட்டுகள், சக்கரங்கள், பிரேக், கிளட்ச், ஸ்டியரிங், கியர் தண்டு, பின்பக்கம் வால் மாதிரி ஒரு தகடு. மாற்றியதெல்லாம் பளபளத்தது. கண்ணாடிக்காரருக்கு அது போதும். பளபளப்பு பிடிக்காதவர் அந்தத் தொழிலுக்கே வந்திருக்கமாட்டார். கழற்றிய பழைய சாமான் எங்கே போயிற்று என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு வழக்கம் உண்டு: கழற்றியது கழற்றியவனுக்கு. முடி வெட்டிக்கொண்டவர் வெட்டிய முடியைப் பொட்டலம் கட்டிக் கொடு என்று கேட்பாரா? அதுபோலத்தான் இதுவும்.

சைலன்சர் மாற்றிய வாரம், கார் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்து நின்றது. ஹேண்ட் பிரேக் போட மறந்திருப்போம் என்று நினைத்தார். ஸ்பிரிங் மாற்றிய வாரம் கேட்டில் மூக்கை வைத்து நின்றது. சீட்டு மாற்றியதும் கேட்டைத் தாண்டிற்று. பிரேக் மாற்றியதும் தெருக்கோடி. கிளட்ச் மாற்றிய பிறகு மேடேறி, முச்சந்தியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய் மறைந்தே விட்டது. வாரத்தில் மற்ற நாட்களில் அவர் அதைக் கடைக்கு ஓட்டிப்போனார், ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்துக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே. அப்போதெல்லாம் அது மூச்சுக் காட்டாமல் அடங்கி நடந்தது. ஞாயிறு அவருக்கு விடுமுறை, காருக்கும் விடுமுறை என்று தெரு எடுத்துக்கொண்டது.

முச்சந்தியில் இடது பக்கம் போனால் நீச்சல் டீச்சர் வீடு. வலது பக்கம் போனால் மெக்கானிக்கின் வீடும் ஒர்க்‌ஷாப்பும். மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் தொட்டி மறைப்பதால் கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாது. பழைய முதலாளியைத் தேடித்தான் போகிறது என்று முதலில் சொன்னவன் மெக்கானிக். "வளர்த்தவங்க வாசனை போகாது மச்சான். எந்த பார்ட்ல ஒட்டிக்கிட்டிருக்கோ, ஒண்ணொண்ணா மாத்திப் பாத்துடுவோம்" என்றான். ஒரு ஞாயிறு தானே பின்தொடர்ந்து போய்ப் பார்த்து வருவதாகக் கிளம்பிப் போனான். திரும்பி வந்து, இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். "டீச்சர் வீட்டு கேட்லதான் மூக்கை வச்சுக்கிட்டு நிக்குது. அந்த அம்மா குழாயைப் போட்டுக் கழுவிக்கிட்டு இருக்காங்க. நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடி வழியா, இந்த ரெண்டு கண்ணால பாத்தேன் மச்சான்." அதற்குமேல் சாட்சி எதற்கு? "நீங்களே ஸ்கூட்டர்ல பின்னாடி போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று மனைவி சொன்னபோது, கண்ணாடிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வண்டியை நானே வேவு பாக்கவா? அதான் மாப்ள பாத்துட்டானே!" என்று முடித்துவிட்டார். அந்த வாரமே கார் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னார். காலியான கார் போவதை ஊர் பார்த்துச் சிரிக்க வேண்டாமே என்று.

இப்படிப் பார்ட் மாற்ற மாற்றக் கார் வேகமாக ஓடிப்போயிற்று, ஓடிப்போகப் போக இவர் மேலும் பார்ட் மாற்றினார். நீச்சல் டீச்சரை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சரின் புதுக் கண்ணாடி கடையிலேயே பல மாதம் கிடந்தது. கேட்டால் வில்லை வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் தங்கை அண்ணன் வீட்டுக்கு வருவதும் குறைந்துபோயிற்று. வந்தாலும் அண்ணியோடு சமையலறையில் நின்றுவிட்டுப் போய்விடுவாள். அவள் விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்திருந்ததை அண்ணி கவனித்து, கைக்கு எண்ணெய் தடவிவிட்டாள். "துணி ஜாஸ்தி அண்ணி" என்றாள் தங்கை. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்தே கண்ணாடிப் பவர் சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்த கண்ணாடிக்காரர், அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மேல் இருந்தது.

கடைசியில் என்ஜின். "அதுலதான் மச்சான் மொத்தப் பழைய நினைப்பும் இருக்கு. இதை மாத்திட்டா அப்புறம் அது உங்க வண்டி" என்றான் மெக்கானிக். புதிய என்ஜினுக்கு மேல் வெள்ளி மாதிரி மினுங்கும் ஒரு மூடி இருந்தது. மேடேறும்போது நனைந்த மூட்டையை இழுப்பதுபோல் இழுத்தது என்பது வேறு விஷயம். அந்த ஞாயிறு கார் வழக்கம்போலக் கிளம்பியது. முச்சந்தி வரை போக இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கியது. தொட்டிக்குப் பின்னால் மறைந்தது. பிற்பகல் ஆயிற்று, விளக்கு வைத்தாயிற்று, திரும்பவில்லை. மறுநாள் காலை கண்ணாடிக்காரர் கடையை வியாபாரத்துக்குத் திறக்காமல், அங்கே கிடந்த டீச்சரின் புதுக் கண்ணாடி டப்பாவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போனார். முச்சந்தியில் இடது பக்கம் திரும்பினார்.

டீச்சர் முழங்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, பிள்ளைகள் பிடித்து மிதக்கும் பலகைகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என் காரைக் குடுத்துடுங்க. இத்தனை வருஷம் பொறுத்துட்டேன்."

"உங்க காரா? இங்க ஏது சார்?"

"ஞாயித்துக்கிழமை வருதே. நீங்ககூடக் கழுவி அனுப்பறீங்களே."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "சார், குனிஞ்சு என் செருப்பை மாட்டவே என்னால முடியல. நான் எங்க கார் கழுவறது?" பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வித்த அன்னைக்கு இங்கேருந்து போச்சு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை. ஏன், என்ன பண்ணீங்க அதை?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சைலன்சர் என்றதும் டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். ஸ்பிரிங், பிரேக் என்றபோது கையில் இருந்த பலகையைக் கீழே வைத்தார். என்ஜின் என்றதும் உட்கார்ந்தே விட்டார். "ஐயோ சார், அதெல்லாம் அந்த வண்டிக்குன்னே செஞ்சதாச்சே. இப்ப எங்க தேடினாலும் கிடைக்காதே. அதுக்காகத்தானே அந்த வண்டியே! உங்ககூட வந்தாரே மெக்கானிக், அவர்கிட்ட ஒண்ணொண்ணா தொட்டுக் காட்டினேனே. அவருக்கு எல்லாம் தெரியுமே." கண்ணாடிக்காரர் கையிலிருந்த டப்பாவைக் கொடுத்துவிட்டு, வில்லை வந்து ரொம்ப நாளாயிற்று, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தொட்டியைச் சுற்றி வலது பக்கத் தெருவில் நுழைந்தபோது, வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், அதிசயமா நடந்து வரீங்க? ஞாயித்துக்கிழமையானா கார்லதானே போவீங்க, ஜன்னலைக்கூட இறக்கமாட்டீங்க. தங்கச்சி வீட்டுக்கு இப்படித் தவறாம வர்ற அண்ணனை நான் பாத்ததே இல்லன்னு வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றார். ஆக, அந்தத் தெருவுக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்தது. கார் மெக்கானிக் வீட்டுக்குப் போவதில் என்ன செய்தி இருக்கிறது, யார் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? கறுப்புத் தாளுக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருப்பதாகவே அவர்கள் இத்தனை காலமும் நினைத்து, கையசைத்து, பதிலுக்கு அவர் அசைக்காததைத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் வீட்டின் பின்புறம் ஒரு ஷெட் உண்டு, எப்போதும் பூட்டியிருக்கும். சிவப்புக் கார் அதன் மரக்கதவில் மூக்கை அழுத்தி நின்றுகொண்டிருந்தது. கதவுப் பலகை அந்த உயரத்தில் உள்பக்கமாகக் குழிந்திருந்தது. அதை ஒட்டிய பலகை வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது, உள்ளே இருந்தும் ஏதோ ஒன்று வருஷக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்ததுபோல. பக்கத்தில் தங்கை நின்றாள், ஒரு கையில் பக்கெட், ஒரு கையில் துணி. அண்ணனைக் கண்டதும் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

"கழுவித்தான் அண்ணா அனுப்பினேன்" என்றாள். "ஒரு வாரம்கூட அழுக்கா அனுப்பல."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா இந்த வீடு போயிடும். சொல்லலைன்னா நீ போயிடுவ. என்ன செய்யறதுன்னு தெரியாம பக்கெட்டை எடுத்துக்கிட்டேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தவளும் அவளே. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கார் நின்றது. எங்கோ அடிபட்டுக் கிடந்த, அதே வகையின் சாதாரண மாடலை வாங்கி நிமிர்த்தி, நிறம் மாற்றியிருந்தான் மெக்கானிக். அதற்குள் கண்ணாடிக்காரருடைய சைலன்சர் இருந்தது, ஸ்பிரிங்குகள் இருந்தன, டீச்சரின் மோதிரம் உரசித் தேய்ந்த கியர் குமிழ் இருந்தது, வாங்கிய முதல் வாரமே கண்ணாடிக்காரர் காபி கொட்டிக் கறையாக்கிய சீட்டு இருந்தது. பானெட்டுக்குள் என்ஜின் தானாகவே ஒரு தடவை அடக்கமாக முனகியது. அவர் மறந்தே போயிருந்த சத்தம். விடியற்காலையில் ஊர் எழுவதற்குள் பைபாஸ் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து பூட்டிவைப்பானாம். பெரிய எடுப்பாக அவர் மாற்றிக்கொண்டே போனதெல்லாம் தன் காரைத் துண்டு துண்டாக அறுத்து, அறுப்பவன் கையிலேயே கொடுத்ததுதான். இரண்டு கார்களும் நடுவில் கதவில்லாமல் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தான். ஓடவில்லை, பதறவில்லை. அதுதான் கண்ணாடிக்காரருக்கு முதல் அடி.

"நல்லா இருந்ததை எதுக்குடா கழட்டின?"

"நீங்க ஓட்டற ஓட்டுக்கு அதெல்லாம் எதுக்கு மச்சான்? செகண்ட் கியரைத் தாண்டிப் போயிருக்கீங்களா? நீங்க கேட்டது பளபளப்பு, போட்டுக் குடுத்தேன். கழட்டினது கழட்டினவனுக்கு. தொழில் வழக்கம்தானே, நான் என்ன திருடினேனா?"

திருடியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். திருடனுக்கு, பறிகொடுப்பவன் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயமாவது இருக்கும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவன், தங்கையையே நம்பிக் கொடுத்த இடம், இத்தனை வருஷமும் ஒவ்வொரு ஞாயிறும் தன்னை எதிரில் வைத்துக்கொண்டே முட்டாளாகப் பார்த்திருக்கிறான், அதுவும் தான் தேய்த்துக் கொடுத்த வில்லை வழியாக. கூட இருந்தே குழி பறிப்பது என்று ஊரில் சொல்வார்கள். குழிக்குக் கடப்பாரையை இவரே வாங்கிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடிக்காரர் கத்தவில்லை. கிட்டே போய், கடையில் வாடிக்கையாளருக்குச் செய்வதுபோல் இரண்டு கையாலும் பதமாக, காது வலிக்காமல், மெக்கானிக்கின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரிதான் மாப்ள. வழக்கம் வழக்கம்தான்" என்றார்.

தங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். சிவப்புக் கார் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, அவர் நடை வேகத்திலேயே பின்னால் வந்தது. முச்சந்தியில் அவர் திரும்பியபோது இண்டிகேட்டர் போட்டது. அதற்குப் பிறகு அது எந்த ஞாயிறும் எங்கும் போகவில்லை.

மெக்கானிக் அடுத்த ஊருக்குப் போய் வேறு கண்ணாடி வாங்கிக்கொண்டான், பிறகு வேறொன்று, அதற்குப் பிறகும் ஒன்று. எல்லாமே நல்ல கண்ணாடிகள். போல்ட்டின் மரை தெரிந்தது, எதிரில் வரும் ஆள் தெரிந்தார், சாம்பல் நிறக் கார் மட்டும் தெரியவில்லை. அது நிற்கும் இடம் மட்டும் ஆவி படிந்ததுபோல் மங்கிவிடும். தடவிப் பார்த்து உட்கார்ந்தாலும் ரோடு தெரியாது. இறங்கினால் தெரியும். கொஞ்ச நாளில் அவன் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டான். ஷெட்டின் பூட்டைத் தங்கை திரும்பப் போடவில்லை. புருஷன் கேட்டதற்கு, சாவி தொலைந்துவிட்டது என்று அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவள் வாழ்க்கையில் அவனிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று ஊரில் சொல்கிறார்கள், சரிபார்த்தவர் யாரும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றிய நாளுக்கு அடுத்த ஞாயிறே, துணி காயப்போடும் நேரத்துக்கு, சாம்பல் நிறக் கார் யாரும் இல்லாமல் முச்சந்தியிலிருந்து இறங்கி வந்து கண்ணாடிக்காரர் கேட்டில் மூக்கை வைத்து நின்றது. கேட்டுக்கு உள்ளே சிவப்பு, வெளியே சாம்பல். மனைவிக்குக் கை பரபரத்தது. "வாசல் வரைக்கும் வந்திருக்கு, என்னங்க இது, உள்ளே விட்டுப் பூட்டிக்கறதை விட்டுட்டு! உங்களோடதுதானே எல்லாம்?" என்றாள். கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் அந்தச் சீட்டில் இருந்த காபிக் கறையைப் பார்த்தார். "கழட்டினது கழட்டினவனுக்கு" என்றார். மெக்கானிக்கோடு அவர் அதற்குப் பிறகு பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. கல்யாண வீடுகளில் அவன் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் இவர் இன்னொரு வரிசையில் உட்காருவார். தங்கையோடும் பேச்சில்லை. மடித்த கண்ணாடி கடையின் ஷோகேஸில், விலைச்சீட்டு இல்லாமல் இருக்கிறது. யாராவது கேட்டால் அது விற்பனைக்கு இல்லை என்பார்.

ஆனால் ஞாயிறு தவறாமல் அந்தக் கார் வருகிறது. வரும் நேரம் தெரிந்து சைக்கிள்காரர்கள் ஓரம் கட்டிக்கொள்கிறார்கள், போக்குவரத்துக் காவலர் அதற்கும் கை காட்டுவதில்லை. கண்ணாடிக்காரர் கேட்டைத் திறக்காமல், ஏறித் தாண்டாமல், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வெளியே வருகிறார், கையில் பக்கெட்டும் துணியுமாக. கூரையிலிருந்து தொடங்கி, சக்கரங்களின் இடுக்கு வரை தேய்த்து, கண்ணாடிகளை மட்டும் கடையிலிருந்து கொண்டுவரும் மெல்லிய துணியால் இரண்டு தடவை துடைத்து, வெயில் சாயும் முன் அனுப்பிவிடுகிறார். முச்சந்திக்கு அந்தப் பக்கம், ஷெட்டின் வாசலில், தங்கை அதன் பானெட்டில் கையை வைத்துப் பார்ப்பாளாம். விரலில் தூசி ஒட்டாதாம். ஒரு வாரம்கூட அவர் அதை அழுக்காக அனுப்பியதில்லை.